மல்டிப்ளைக்கு முன்னாடி சிவகாசி

போட்டோஷாப்ல லேயர் வந்தது 1994-ல. அதுல 'மல்டிப்ளை' போட்டா கம்ப்யூட்டர் நிஜமாவே பெருக்குது: 0.5 × 0.5 = 0.25. இருட்டு கூடும். வெள்ளையோட பெருக்கினா மாற்றமே இல்லை.

அச்சு மையும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். மஞ்சள் மேல சியான் விழுந்தா பச்சை. ராயகிரியில இருந்து ராஜபாளையம் தாண்டினா சிவகாசி. கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) வரைஞ்ச சாமிப் படங்கள் நிறம் நிறமா பிரிஞ்சு, அந்த ஊர் அச்சகங்கள்ல ஒண்ணு மேல ஒண்ணா ஏறித்தான் நம்ம வீட்டுக் காலண்டருக்கு வந்துச்சு. ஓவியர் பேரு படத்து ஓரத்துல இருக்கும். மை அளவு பார்த்த மெஷின்மேன் பேரு எங்கேயும் இருக்காது. டிஜிட்டல் ஆர்ட் வரலாறு எழுதுறவங்க அவரையும் சேர்க்கணும்னுதான் நான் சொல்வேன்.

ஏன்னா, நமக்கு கன்ட்ரோல் இசட் இருக்கு. அவருக்கு ஒரு நிறம் மயிரிழை நகர்ந்தா முருகனுக்கு ரெண்டு மூக்கு, அடிச்ச தாள் அத்தனையும் குப்பை.