கூத்து வளர்த்த கல்வி

வட ஆற்காட்டுச் சீமையின் பழைய ஊர்களுள் ஒன்றான ஆரணி, கமண்டல நாக நதியின் கரையில், கோட்டையும் கோயிலும் பட்டுத் தறியும் ஒருங்கே அமையப்பெற்ற ஊராகும். 1751-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆங்கிலத் தளபதி கிளைவின் படை சந்தா சாகிபின் ஆட்களையும் அவர்களுக்குத் துணை வந்த பிரெஞ்சுக்காரரையும் முறியடித்ததும், 1782-ஆம் ஆண்டு ஜூனில் ஐதர் அலியும் ஆங்கிலத் தளபதி சர் அயர் கூட்டும் பொருதியதும் இவ்வூரின் அருகேதான் என்று சரித்திர நூல்கள் விரித்துரைக்கும். மராட்டிய வமிசத்து ஜாகீர்தார்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே அதிகாரம் செலுத்தியதையும் அவை விடாமல் குறிக்கும். ஆனால் விடியற்காலையில் தெரு நெடுகப் பாவு விரித்துக் கஞ்சி தோய்த்த நெசவுக் குடும்பங்களின் சரித்திரத்துக்கும், இச்சீமையின் ஜனங்கள் இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்த கூத்தின் சரித்திரத்துக்கும் அந்நூல்களில் இடம் கிடைத்தது அரிது. கூத்தின் சரித்திரத்தில் ஒரு பகுதியை, கலையானது பிறர் கல்விக்கும் பிணி நீக்கத்துக்கும் பொருள் ஈட்டித் தந்த பகுதியை, இங்கே எடுத்துரைக்க விழைகின்றேன்.

ஆரணி, செய்யாறு, வந்தவாசி, போளூர் ஆகிய வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத ஊர்ப்புறம் குறைவு. கோடையில் அங்கே பாரத விழா தொடங்கினால், பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்லுவார். அன்று சொன்ன கதையையே இரவில் கூத்தர்கள் கிரீடமும் புஜகட்டையும் பூண்டு ஆடிக் காட்டுவார்கள். துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று நாளுக்கொரு நாடகமாக நடந்து, இறுதி நாளில் மண்ணால் செய்த துரியோதனன் உருவம் கிடத்தப்பட்ட படுகளத்தோடும் தீமிதியோடும் விழா நிறைவெய்தும். இத்தனைக்கும் செலவு செய்தவர் எந்தத் தனவந்தரும் அல்லர். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊரார் வரி வைத்துத் திரட்டிய பணத்திலேதான் வாத்தியாருக்கு முன்பணம் போயிற்று, ஆர்மோனியமும் முகவீணையும் ஒலித்தன. ஆட்டத்தின் நடுவே யாரேனும் மனம் உவந்து ஒரு ரூபாய் அளித்தால், கட்டியக்காரன் ஆட்டத்தை நிறுத்தி, கொடுத்தவர் பெயரையும் அவர் குலதெய்வத்தின் பெயரையும் சபையறியச் சொல்லி வாழ்த்துவான். பொதுக் காரியத்துக்குக் கொடுப்பதும், கொடுத்ததை ஊரறியக் கௌரவிப்பதும் இம்மக்களுக்குப் பத்திரிகையும் மேடை மைக்கும் வருமுன்பே பழகிப்போன சம்பிரதாயங்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

இக்கூத்துகளில் கர்ண மோட்சத்துக்கு மட்டும் தனியான ஓர் இடம் உண்டு. இறந்தவருக்காகக் காரியம் செய்யும் வீட்டிலும் அதை ஆடச் சொல்லுவது இப்பக்கத்து வழக்கம். போர்க்களத்தில் வீழ்ந்து கிடக்கும் கர்ணனிடம் கிழ வேதியராக வந்து கண்ணன் இரக்க, தான் செய்த புண்ணியம் முழுவதையும் அவன் தாரை வார்த்துக் கொடுக்கும் கட்டம் வரும்போது, விடியலின் குளிரில் முக்காடிட்டு அமர்ந்திருக்கும் கிழவிகள் அழுவார்கள். படிப்பறியாத ஜனங்களுக்கு ஈகையின் இலக்கணத்தை இதைவிடத் தெளிவாகக் கற்பித்த பாடசாலை வேறு இருந்திருக்குமென்று நான் நம்பவில்லை.

பட்டணங்களில் சபைகள் எழுந்து, டிக்கெட் வைத்துக் கச்சேரியும் நாடகமும் நடத்தும் வழக்கம் வேரூன்றிய பிறகு, இப்பழைய ஈகை புதிய உருவம் கொண்டது. எம். எஸ். சுப்புலட்சுமி 1944-ஆம் ஆண்டில் கஸ்தூர்பா நினைவு நிதிக்காக ஐந்து கச்சேரிகள் செய்தார். அதன்பின் பள்ளிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் கோயில்களுக்குமாக அவர் பாடிக் கொடுத்த பொருள் ஏராளம். 1974-இல் அவருக்கு அளிக்கப்பட்ட மகசேசே விருது, இசைக்காக மட்டுமன்றிப் பொதுச் சேவைக்காக அளிக்கப்பட்டது என்பதைச் சங்கீத ரசிகர்களே பலர் அறியார். சிவாஜி கணேசன் 1957-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் சேலத்தில் அரங்கேற்றிய ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ நாடகம், சினிமாவாக வருமுன்பும் வந்த பின்பும் பல ஊர்களில் நடிக்கப்பெற்று, பல லட்சம் ரூபாயைக் கல்வி ஸ்தாபனங்களுக்கு ஈட்டித் தந்தது. காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர்தோறும் நடத்திய காலம் அது. கிராமத்தார் தங்கள் பள்ளிக்குப் பெஞ்சும் கரும்பலகையும் கடிகாரமும் குடிநீர்ப் பானையும் தாமே வாங்கித் தந்த காலம். சர்க்காரின் கை ஒருபுறமும், கலைஞரின் கை ஒருபுறமும், ஏழைக் குடியானவரின் கை ஒருபுறமுமாக நாட்டின் கல்வியைத் தாங்கிப் பிடித்த அந்தப் பத்தாண்டுகளுக்கு இணையாகச் சொல்ல நம் பிற்காலச் சரித்திரத்தில் அதிகம் இல்லை.

கடல் கடந்து வந்த உதவியையும் நன்றியோடு சொல்ல வேண்டும். 1853-இல் ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் நிறுவிய அமெரிக்க ஆற்காடு மிஷனுக்கு ஆரணியும் ஒரு நிலையமாக இருந்தது. அக்குடும்பத்தில் தோன்றிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் தொடங்கி, 1902-இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனையைத் திறந்து, 1909 முதல் சாலையோரத்து மரநிழல்களில் கிராமத்து நோயாளிகளைக் கண்டு, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை ஏற்படுத்திய வரலாறு உலகறிந்தது. அதற்கான பணத்தில் ஒரு பகுதி, வேலூரைக் கண்ணாலும் கண்டிராத அந்நிய நாட்டு மாதர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து அனுப்பியது. பிற்காலத்தில் அயல்நாடு சென்று குடியேறிய தமிழர்களும் அதே முறையைக் கைக்கொண்டனர். அமெரிக்காவில் 1974-இல் தோன்றிய தமிழ்நாடு அறக்கட்டளை முதலிய அமைப்புகள், ஆடலும் பாடலும் நிறைந்த விழாக்களில் தமிழர்களைக் கூட்டித் தாய்நாட்டுக் கிராமங்களின் கல்விக்கும் சுகாதாரத்துக்கும் பொருள் திரட்டி வருகின்றன.

இவ்வளவையும் சொல்லிய பின், நெஞ்சை உறுத்தும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. பிறர் பிள்ளைகள் படிக்கப் பாடியும் ஆடியும் கொடுத்த கலையுலகத்தில், இரவெல்லாம் கர்ணனாக நின்ற கூத்தனின் பிள்ளை எங்கே படித்தான்? பெரும்பாலும் எங்கும் படிக்கவில்லை என்பதே விடை. தை மாதம் தொடங்கி ஆடி வரையில் இரவுதோறும் ஊர் ஊராகச் சென்று ஆடி, பகலில் உறங்கி, மழைக்காலத்தில் பிழைப்பின்றிக் கடன் வாங்கி வாழ்ந்த குடும்பத்தில், குரல் நன்றாயிருந்த சிறுவன் பள்ளியை விட்டுக் கூத்துக் கம்பெனியில் சேர்ந்துவிடுவான். அண்டையிலிருந்த நெசவாளன் வீட்டிலும் கதி இதுவே: கோர்வைப் புடவையின் உடலும் கரையும் தனித்தனி நாடாவால் நெய்யப்படுதலின் தறியில் துணைக்கு ஓர் ஆள் வேண்டும்; அந்தத் துணை ஆள் சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்த காலம் நெடியது. கல்யாணப் பந்தல்களில் ஆரணிப் பட்டு மின்னியபோது, அதற்கு நாடா தள்ளிய பிஞ்சு விரல்களுக்கு எழுத்துத் தெரியாது.

செய்யாற்று வட்டாரத்துப் பெருங்கட்டூரில் பிறந்த பி. ராஜகோபால் அப்படிப் பத்து வயதிலேயே பள்ளியை விட்டுத் தந்தையின் கூத்துக் குழுவில் ஆடத் தொடங்கியவர். நடிகராகவும், ஆசிரியராகவும், நாடகங்கள் இயற்றுபவராகவும் உயர்ந்த அவருக்கு அந்தப் படிப்புக் குறை மறக்கவில்லை. 1990-இல், கட்டைக்கூத்து என்றும் வழங்கும் இக்கூத்தின் கலைஞர்கள் கூடிக் கட்டைக்கூத்துச் சங்கத்தை நிறுவினர். 2002-இல், காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் அச்சங்கத்தின் குருகுலம் தொடங்கிற்று. ராஜகோபாலும், அவருடைய மனைவியும் கட்டைக்கூத்தைப் பற்றி ஆராய்ந்து நூல் எழுதியவருமான ஹாலந்து நாட்டு அறிஞர் ஹன்னே டி புருயின் அவர்களும் அதற்குத் தூண்களாக நின்றார்கள். அங்கே பிள்ளைகள் உண்டு உறைந்து, அடவும் பாட்டும் மிருதங்கமும் பயின்றதோடு, பள்ளிப் படிப்பையும் விடாது கற்றார்கள். கூத்துக்காகப் படிப்பையோ, படிப்புக்காகக் கூத்தையோ துறக்க வேண்டியதில்லை என்பதே குருகுலத்தின் கொள்கை. ஆடவர் மட்டுமே ஆடிவந்த இக்கலையில் சிறுமிகளையும் சேர்த்து, கிரீடம் சூட்டி மேடையேற்றியதை நான் ஒரு பெரும் புரட்சியென்றே மதிக்கிறேன். உள்நாட்டு, வெளிநாட்டு அபிமானிகளின் நன்கொடையும், ஆடிப் பெற்ற வருவாயும் கொண்டு பதினெட்டு ஆண்டுகள் நடந்த அக்குருகுலம் 2020-இல் மூடப்பட்டது.

அதே செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையில், கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையினர் கூத்தை உலகறியச் செய்தார்கள். பாரிஸ் மாநகரத்துப் புகழ்பெற்ற தியேத்ர் து சொலேய் குழுவினர் அவர்களிடம் பாடம் கேட்டு, 2016-இல் தங்கள் நாடகமொன்றில் கூத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்நியர் இவ்வளவு மதித்த கலையைப் பயிலும் பிள்ளைக்குச் சொந்த மண்ணில் ஒரு பள்ளி நிலைபெறவில்லை என்பது நம் எல்லோருக்கும் குறையே. கச்சேரி செய்து பிறருக்குக் கொடுத்தவர்களைப் போற்றுகின்றோம், போற்றத்தான் வேண்டும். ஆனால், தாமே வறுமையில் இருந்துகொண்டு, தம்மைப் போன்ற வறியோரின் பிள்ளைகளுக்காக ஒரு பாடசாலையை எழுப்பிக் காத்தவர்களின் தர்மம் அதனினும் பெரிது என்பதே என் துணிபு.

ஆதலின், ஆரணிச் சீமையின் ஊர்ப் பெரியவர்களுக்கும், பொருள் அனுப்ப மனமுள்ள அயல்நாட்டுத் தமிழர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த பாரத விழாவுக்கு முன்பணம் கொடுக்கும்போது, வாத்தியார் கேட்கும் தொகையைக் குறைக்கப் பேரம் பேசாதீர்கள். குழுவில் பள்ளி வயதுப் பிள்ளை இருந்தால் அவன் எந்த வகுப்பில் படிக்கிறான் என்று கேளுங்கள். அயல்நாட்டு மேடைகளில் கிராமக் கல்விக்கென்று திரட்டும் நிதியில், கூத்தர் வீட்டுப் பிள்ளைக்கும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். மூடிய குருகுலத்தைப் போன்ற பாடசாலை இன்னொன்று எழ அது போதும்.