விலை கொடாத மீனும் கொடுத்த விலையும்

சந்தையில் வாங்கும் மீனுக்கு விலையுண்டு. ஆற்றில் பிடிக்கும் மீனுக்கு விலையில்லை என்பது பொதுவான எண்ணம். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்தம் வரலாற்றைக் கூர்ந்து நோக்குவோர்க்கு இவ்வெண்ணம் பாதி உண்மையே என்பது புலனாகும். தாமே பிடித்துண்ட மீன் அம்மக்களின் உயிரைக் காத்தது. காசாக அன்றி வேறு வடிவங்களில் தனக்குரிய விலையையும் பெற்றுக்கொண்டது.

உலகப் பொருளாதார மந்தத்தின்போது, 1930ஆம் ஆண்டில், ஆண் தொழிலாளியின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாகவும், பெண் தொழிலாளியின் கூலி 40 காசிலிருந்து 32 காசாகவும் குறைக்கப்பட்டன. வேலையிழந்தோர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். எஞ்சியோர்க்குக் கறி என்பது பெரும்பாலும் கடையில் கடனுக்கு வாங்கிய கருவாடே. எனவே, பால்வெட்டு முடிந்த மாலைப் பொழுதில் தூண்டிலும் பறியும் கைவலையும் கொண்டு ஓடைக்குச் செல்வது குடும்பக் கடமையாயிற்று. விராலும் தேளியும் பனையேறிக் கெண்டையும் அவர்களுக்குக் கிடைத்தன. இவை காற்றையும் சுவாசிக்க வல்லவை. ஆதலால் பானை நீரில் உயிரோடு வைத்திருந்து வேண்டியபோது சமைக்கலாம். பனிக்கட்டியைக் காணாத லயங்களுக்கு இது பெரும் பேறு.

எனினும், வைகறையில் பிரட்டுக்கு எழுந்து நண்பகல் வரை உழைத்த உடல் இழந்த ஓய்வு, அம்மீனுக்குக் கொடுத்த முதல் விலையாகும். அதனினும் பெரிய விலை மலேரியாக் காய்ச்சல். காடு அழிக்கப்பட்டு வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில் 'அனோபிலிஸ் மாக்குலாட்டஸ்' என்னும் கொசு பெருகியது. 1901இல் கிள்ளானில் பணியேற்ற மருத்துவர் மால்கம் வாட்சன் மலேரியாவைத் தடுக்கும் முறைகளை வகுத்தார். மலைப்பாங்கான தோட்டங்களில் ஓடைநீர் நிலத்தடிக் குழாய்களில் செலுத்தப்பட்டது. நீர் மண்ணுக்குள் மறைந்த இடத்தில் மீனுக்கும் இடமில்லாது போயிற்று. மீன் தந்த ஓடையே காய்ச்சலையும் தந்தது. காய்ச்சலைத் தடுத்த முறையோ மீனையும் அகற்றியது.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தபின் நிலைமை முற்றிலும் மாறியது. போருக்கு முன் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்தே பெற்றுவந்தது. அவ்வரவு குன்றியதும் மரவள்ளிக் கிழங்கு உணவாயிற்று. கிழங்கு வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்கும் புரதத்தைப் போதிய அளவில் தாராது. கால் வீக்கமும் ஆறாப் புண்களும் மக்களை வாட்டின. அந்நாளில் கிழங்கோடு சேர்ந்த ஒரு துண்டு மீன் குழந்தைக்கு மருந்தினும் மேலானது.

ஆனால், பிடிப்பதற்குக் கைகள் வேண்டுமே! 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா இரயில் பாதைக்குப் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். அவருள் மீளாதோர் மிகப் பலர். ஆடவரை இழந்த லயங்களில் உணவு தேடும் பொறுப்பு பெண்கள் மீதும் சிறுவர்கள் மீதும் விழுந்தது. பேணுவாரின்றி வடிகால்கள் பாழாயின. கொயினா மருந்தும் அரிதாயிற்று. மாலையில் ஓடையோரம் நின்ற சிறுவன் வீட்டிற்கு மீனைக் கொண்டுவந்தானா, காய்ச்சலைக் கொண்டுவந்தானா என்பது அன்றைய தாய்மாரின் கவலையாக இருந்திருக்கும்.

மற்றொரு விலையை ஆறு கொடுத்தது. தூபா வேரை நசுக்கி நீரில் கலந்து மீன்பிடிப்பது இந்நாட்டின் பழைய வழக்கம். 1930களில் பூச்சிக்கொல்லிக்காகவும் அவ்வேர் இங்குப் பயிரிடப்பட்டது. அதன் நஞ்சு மீனை மூச்சுத்திணறச் செய்யும். பெரிய மீனென்றும் குஞ்சென்றும் பாராது. பசித்தவனுக்கு அது விரைவான வழி. ஆனால், அடுத்த ஆண்டின் உணவையும் அன்றே அழித்துவிடும் வழி. தூண்டில் ஒரு மீனை எடுக்கும். நஞ்சு ஓடையையே எடுத்துவிடும்.

1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் ஊரடங்குச் சட்டம் காட்டோர ஓடைகளை மக்களுக்கு எட்டாதனவாக்கியது. ஈயச் சுரங்கங்களின் வண்டல் ஆறுகள் பலவற்றைத் தூர்த்தது. பின்னாளில் இருபோக நெல் வேளாண்மையோடு பெருகிய பூச்சிக்கொல்லிகள் வயல் மீன்களைக் குறைத்தன. நஞ்சிட்டும் வெடிவைத்தும் மின்சாரம் பாய்ச்சியும் மீன்பிடிப்பதை 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடைசெய்கிறது.

பஞ்சகாலத்து மக்கள் ஓய்வையும் உடல்நலத்தையும் ஈடாகக் கொடுத்துத் தம் பிள்ளைகளைக் காத்தனர். வேறு வழியறியாத அவர்களைக் குறைகூறுதல் தகாது. அவர்கள் கொடுத்த விலையை அறிந்துகொள்ளுதல் மாணவர் கடமை; நிறைந்த உணவு கிடைக்கும் காலத்தில் ஆற்றின் குஞ்சுகளை ஆற்றிற்கே விட்டுவைத்தல் அனைவர் கடமையுமாகும்.