மழலைக் கல்வி – சென்னை

முதல் வகுப்புக்கு முன், ஆறு வயதுவரை குழந்தைக்குக் கிடைக்கும் கல்வியே மழலைக் கல்வி. ஐந்தாறு வயதுக்குள் மூளை தன் முழு அளவில் சுமார் 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. பேச்சும் கைப்பழக்கமும் பிறரோடு ஒத்துப்போகும் குணமும் வேர்பிடிப்பது அந்த வயதில்தான்.

சென்னையில் இதற்கு வழிகாட்டியவர்களில் இருவர் ஐரோப்பியப் பெண்கள். ஜெர்மனியில் பிறந்த எல்லன் சர்மா, 1937இல் கணவர் வி. என். சர்மாவுடன் மயிலாப்பூரில் சில்ட்ரன்ஸ் கார்டன் பள்ளியைத் தொடங்கினார். 1939 நவம்பரில் இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி, ஜார்ஜ் அருண்டேல் தலைமையிலிருந்த பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அடையாறு வந்து ஆசிரியர் பயிற்சி வகுப்பு நடத்தினார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் அவர் எதிரிநாட்டுக் குடிமகள் ஆனார். மகன் மரியோ தடுப்பு முகாமுக்குப் போனார். தாயின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி விடுவிக்கப்பட்டார். அடையாற்றிலும் கொடைக்கானலிலுமாகப் போர்க்காலம் கழிந்தது. திட்டமிடாத இந்த நீண்ட தங்கல் ஒரு வகையில் நமக்கு லாபம்: இந்தியா முழுவதும் அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் உருவானார்கள். பிறந்தது முதல் மூன்று வயதுவரையான பருவத்தைப் பற்றிய அவரது சிந்தனையும் இங்கேதான் விரிந்தது.

அவரது முறையில் எழுதுவதற்கு முன்பே கை பழகுகிறது. குமிழ் வைத்த மர உருளைகளைக் குழந்தை மூன்று விரலால் பிடித்து உரிய குழியில் பொருத்தும். பின்னாளில் பென்சில் பிடிக்கப்போவதும் அதே விரல்கள்தான். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவியபடி அதன் ஒலியைச் சொல்லும். திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகிய ஊருக்கு இது அவ்வளவு அந்நியமல்ல. மூன்று வயதில் கோடு போட்ட நோட்டும் வீட்டுப்பாடமும் தரும் இடம், வாசலில் மாண்டிசோரி என்று பலகை மாட்டியிருந்தாலும், இந்த முறையைச் சேர்ந்ததல்ல.

கட்டணம் கட்ட முடியாதவர்களின் கதை வேறு. தியாகராய நகரில் 1949இல் காமராஜரும் எஸ். மஞ்சுபாஷிணியும் தொடங்கிய பால மந்திர், ஆதரவற்ற குழந்தைகளை ஏற்றது. 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும் 1982இல் சத்துணவுத் திட்டமும் வந்தன. இத்திட்டங்களின்கீழ் இயங்கும் பால்வாடியில் சோறும் பாட்டும் விளையாட்டும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கின்றன. பசியோடிருக்கும் பிள்ளைக்கு உருளைகளால் என்ன பயன்? ஆனால் எடை பார்ப்பது, உணவு, பதிவேடு எல்லாம் அங்குள்ள பணியாளர் தலையிலேயே விழுவதால் கற்பிக்கும் நேரம்தான் சுருங்குகிறது. சட்டமும் இந்த வயதைச் சற்றுத் தள்ளியே நிறுத்தியிருக்கிறது: 2002இன் 86ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 6 முதல் 14 வயதுவரையான கல்வியை அடிப்படை உரிமையாக்கியது, ஆறு வயதுக்கு முந்தையதை அரசு முயல வேண்டிய நெறியாக மட்டுமே வைத்தது.