குரலும் உடைமையும்: இணையத் தொலைபேசியின் ஒலிக் குறிமுறைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

குரலை எண்களாக்கி அனுப்பி, மறுமுனையில் மீளக் குரலாக்கும் குறிமுறையைக் கோடெக் என்பர். இணையவழி அழைப்புகளுக்கு எக்கோடெக்கைத் தெரிவது என்னும் வினா பொறியியலாளரின் தனிப்புலமாகவே கருதப்பட்டு வந்துள்ளது. ஆயின் அத்தெரிவின் வரலாற்றை நோக்குமிடத்து, செவிக்கு இனிமை என்பதிலும் உடைமையுறவுகளே வலிமையாகத் தொழிற்பட்டமை புலனாகும்.

1972இல் வகுக்கப்பட்ட ஜி.711, குரலைச் செக்கனுக்கு 8000 தடவை அளந்து ஒவ்வோர் அளவையும் 8 பிற்றுகளில் எழுதும். செக்கனுக்கு 64 கிலோபிற்று தேவை. 3400 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் பெரும்பாலும் கழிக்கப்படும். கம்பிகள் அரசுத் திணைக்களங்களுக்கும் பெரும் ஏகபோகங்களுக்கும் உரியனவாயிருந்த காலத்தின் விளைபொருள் அது. ஒரே நியமத்துள் வட அமெரிக்காவும் யப்பானும் ஒரு விதியையும் ஐரோப்பா மற்றொன்றையும் கைக்கொண்டமை, 'சர்வதேச' என்னும் அடைமொழியின் பொருளை நன்கு விளக்கும்.

இணையத்தின் தொடக்ககால இணைப்புகள் 64 கிலோபிற்றைத் தாங்கவில்லை. 1996இல் வந்த ஜி.729 எட்டுக் கிலோபிற்றில் அதே பணியைச் செய்தது. இதன் மூலம், 1985இல் ஷ்ரோடரும் இந்தியாவிற் பிறந்த பிஷ்ணு அடலும் வெளியிட்ட ஆய்வாகும். மனிதக் குரல் பிறக்கும் முறையையே கணித மாதிரியாக்கிய அம்முறைக்கு, ஒரு செக்கன் பேச்சைக் குறிமுறைப்படுத்தக் கிரே மீகணினியே ஏறத்தாழ 150 செக்கன்கள் எடுத்தது. பத்தாண்டுகளில் அது சிறு சில்லொன்றுள் அடங்கிற்று. கூடவே காப்புரிமையும் வந்தது. ஆஸ்டெரிஸ்க் என்னும் கட்டற்ற தொலைபேசி மென்பொருளை நிறுவியோர்கூட, ஜி.729 வேண்டுமாயின் ஒவ்வோர் அழைப்புவழிக்கும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. மனிதன் தன் தொண்டையின் மாதிரிக்கே வாடகை கொடுத்தான் எனலாம்.

அவ்வாடகைக்குக் கிட்டிய பயனையும் கணக்கிடுதல் தகும். இணையத்திற் குரல் பொதிகளாகவே செல்லும். 20 மில்லிசெக்கன் பேச்சுக்கு ஜி.729 தருவது 20 பைற். அதன்மேல் ஏறும் முகவரித் தலைப்போ 40 பைற். எனவே எட்டுக் கிலோபிற்று வழியில் 24 ஆகிறது, ஜி.711இன் 64, 80 ஆகிறது. எட்டில் ஒன்றாகத் தோன்றிய செலவு, உண்மையில் பத்தில் மூன்றாகும். சுமையைவிடச் சாக்கு கனமானது!

காப்புரிமைத் தளையற்ற ஸ்பீக்ஸ் முதலியவற்றின் வழியில் 2012இல் ஓபஸ் நியமமாயிற்று. ஸ்கைப் நிறுவனத்தின் சில்க், சிஃப் அமைப்பினரின் செல்ற் ஆகியவற்றின் இணைவு அது. 6 முதல் 510 கிலோபிற்று வரை இயங்கி, மனிதச் செவிக்கு எட்டும் ஒலி முழுவதையும் ஏற்பது. இதனைப் பொதுவுடைமையின் வெற்றியென நண்பர் சிலர் கொண்டாடுவர். நாம் முற்றிலும் உடன்படுவதற்கில்லை. தன்னார்வலரின் உழைப்பு மெய்யானது. ஆயின் கோடெக்கை விற்றுப் பிழையாத பெருநிறுவனங்களுக்கு, இலவசக் கோடெக் என்பது மலிந்த மூலப்பொருளுமாகும். ஜி.729இன் காப்புரிமைகளிற் பெரும்பாலானவை 2017இல் காலாவதியாயின. அதற்குள் அதன் தேவையும் சுருங்கிவிட்டது. ஸ்கைப் சேவை 2025இல் மூடப்பட்டது. அதன் சில்க் ஓபஸினுள் வாழ்கின்றது.

2016இல் உலாவிகளுக்கு வகுக்கப்பட்ட நியமம் ஓபஸை மட்டுமன்றி ஜி.711ஐயும் கட்டாயமாக்கியது. பழைய தொலைபேசி வலையமைப்புடன் பேச அதுவே பொதுமொழி. இணையத்தில் முழுமையாகப் புறப்படும் குரல், அவ்வலையமைப்பின் வாயிலில் இன்றும் பெரும்பாலும் 3400 ஹேர்ட்ஸிலேயே வெட்டப்படுகின்றது.