எய்துவிட்டால் போதுமா? உரோமரின் எறிபொறிகளும் மீளுருவாக்கமும்

தாயிப் முற்றுகையை வாசிக்கையில் 'மின்ஜனீக்' என்ற சொல் வரும். அதன் வேர் கிரேக்கம். ஆனால், ஆட்கள் கயிறு இழுக்க, நெடுமரம் மேலெழுந்து கல்லை வீசும் அந்தப் பொறி வேறு. உரோமரின் பொறி வேறு. இது விலங்கு நரம்பிலோ மயிரிலோ திரித்த இரு கயிற்றுக் கட்டுகளை முறுக்கி, அந்த விசையால் எய்வது.

மரமும் நரம்பும் மண்ணில் உக்கிப் போகும்; மிஞ்சுவது பெரும்பாலும் உலோகம்தான். மற்றதற்கு விட்ருவியஸ் எழுதிவைத்த அளவு உதவுகிறது: கயிறு செல்லும் துளையின் விட்டம், அம்பின் நீளத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. ஜேர்மன் பீரங்கிப்படை அதிகாரி எர்வின் ஷ்ராம் பழைய நூல்களை வைத்தே பொறிகள் செய்து, 1904இல் ஸால்பர்க் கோட்டையில் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்கு எய்து காட்டினார். 1912இல் ஸ்பெயினின் அம்பூரியாஸில் அசல் பொறியொன்றின் உலோகப் பாகங்களே கிடைத்தன. துளை சுமார் 8 சென்ரிமீற்றர். ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர் அம்புக்கு அந்தக் கணக்கும் அதைத்தான் சொல்கிறது.

1972இல் ஈராக்கின் ஹத்ராவில் கிடைத்த கல்லெறி பொறியோ வழக்கொன்றைக் கிளப்பியது. கைகள் வெளிப்பக்கம் நின்றனவா, உட்பக்கம் சுழன்றனவா? இரண்டு விதமாகவும் செய்யலாம், இரண்டும் எய்யும். ஆகவே, எய்தது என்பதற்காக அது சரியென்று முடிக்க ஏலாது. நைலோன் கயிறு கட்டினால், கல் போன தூரமும் உரோமரின் தூரமல்ல.

பார்க்க வரும் சனம் கைதட்டும், தட்டட்டும். எது மண்ணில் கிடைத்தது, எது நூலில் உள்ளது, எது செய்தவரின் ஊகம் என்பதைப் பொறியின் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும் என்பதே என் கருத்து.