தெய்வநிந்தையும் திருவருளும்

தெய்வத்தை இகழ்ந்தவனுக்கு மன்னிப்பு உண்டோ? நம் தோட்ட வாழ்வில் இவ்வினா புதிதன்று. கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், 2007-இல் பெஸ்தாரி ஜெயாவெனப் பெயர் மாறிய பத்தாங் பெர்சுந்தை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களிலே, பிள்ளை நோயுற்றாலும் 'சாமி குத்தம்' என்று அஞ்சினோர் பலர். அதே லயங்களில் வாழ்ந்த கிறிஸ்தவர்க்கும் இத்தகைய அச்சம் ஒன்றுண்டு. பரிசுத்த ஆவியைத் தூஷிப்பார்க்கு மன்னிப்பில்லை என்னும் கருத்து மத்தேயு, மாற்கு, லூக்கா சுவிசேஷங்களிற் காணப்படுவதே அதற்குக் காரணம்.

இவ்வச்சத்தால் பெரிதும் நொந்தவர் இங்கிலாந்தில் 1628-இல் பிறந்த ஜான் பனியன். ஓட்டைப் பாத்திரங்களைப் பற்றவைத்துப் பிழைத்த ஏழை அவர். இளமையில் வசைமொழிக்குப் பேர்போனவர். மனந்திரும்பிய பின்னரும், இறைவனை இகழும் எண்ணங்கள் உள்ளத்தில் தாமே எழக்கண்டு, மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டதாக நெடுநாள் கலங்கினார். சபைச் சட்டத்தை மீறிப் பிரசங்கித்தமைக்காக 1660-இல் சிறை புகுந்தவர், 1666-இல் அவ்வரலாற்றை நூலாக வெளியிட்டார். தம் நேர்மையன்று, கிறிஸ்துவின் நேர்மையே தமக்குத் துணை என்று தெளிந்தபோதே மனத்தளை கழன்றது என்பது அதன் சாரம்.

அக்காலத்து அரசுகளோ இவ்வருளை அறிந்தில. 1656-இல் ஜேம்ஸ் நெய்லர் என்னும் குவேக்கரைத் தெய்வநிந்தகர் எனத் தீர்த்த ஆங்கிலப் பாராளுமன்றம், அவர் நாவைக் காய்ச்சிய இரும்பால் துளைப்பித்து, நெற்றியிற் சூடிடுவித்தது. 1697-இல் தாமஸ் ஐக்கன்ஹெட் என்னும் இளம் மாணவர் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டார். பிழை பொறுக்குமாறு அவர் வேண்டியும் பயனில்லை. இங்கிலாந்து இக்குற்றத்தைச் சட்டத்தினின்று நீக்கியது 2008-இலேதான்.

இதிலுள்ள முரணைக் காண்மின்! தெய்வநிந்தை என்று சொல்லியன்றோ யூதச் சங்கத்தார் இயேசுவையே சாவுக்குரியர் என்றனர்? அவரோ தம்மைக் கொல்வார்க்கு மன்னிப்பு வேண்டினார். ஸ்தேவானும் அதே பழியால் கல்லெறியுண்டார். அக்கொலைக்கு உடன்பட்டு நின்ற சவுலே பின்னர்ப் பவுலானார். தாமும் முன்னர்த் தூஷித்தவர், இரக்கம் பெற்றவர் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபம் கூறுகிறது.

பனியன் 1678-இல் வெளியிட்ட யாத்திரைக் கதையைத் தமிழ்க் காப்பியமாக்கியவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. திருநெல்வேலிச் சீமையில் 1827-இல் வைணவக் குடியிற் பிறந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்றவர். 1894-இல் வெளிவந்த 'இரட்சணிய யாத்திரிகம்' அவர்க்குக் கிறிஸ்தவக் கம்பர் என்னும் பெயரை ஈட்டித் தந்தது. பனியன் விரிக்காத சிலுவைப்பாட்டினை அவர் விரித்துப் பாடினார். நிந்தித்தவரையும் பொறுக்கும் அருளே காப்பியத்தின் உயிர்நிலை என்று அவர் கொண்டதாக நாம் கருதலாம்.

அங்ஙனமாயின் மன்னிப்பில்லாப் பாவம் யாது? இறுதிவரை மனந்திரும்ப மறுத்து, வரும் அருளைத் தள்ளுதலே அஃது என்றார் அகஸ்தீன். ஆகவே, செய்ததை எண்ணி அஞ்சி அழுகிறவன் அப்பாவத்தைச் செய்தவனல்லன். அவன் கண்ணீரே அதற்குச் சான்று. பிள்ளையை இழந்த துயரில் தெய்வத்தை வைத தாயை, எம்மதத்தாராயினும், 'குத்தம்' என்று ஒதுக்குவது தகுமோ? மன்னிப்பவன் இறைவன் என்றால், அவன் பெயரால் தண்டிக்கும் உரிமையை நமக்கு அளித்தவர் யார்?