எழுதக் கற்றுத்தருவது யார் வேலை?

1892-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஓர் அறிக்கை வெளிவந்தது. மாணவர்கள் எழுதும் ஆங்கிலம் ஏன் இவ்வளவு மோசம் என்பதுதான் விஷயம். அறிக்கையைத் தயாரித்த மூன்று பேரில் ஒருவர்கூட அங்கே பாடம் நடத்துபவர் இல்லை. சார்ல்ஸ் ஃபிரான்சிஸ் ஆடம்ஸ் ஒரு ரயில்வே கம்பெனியின் தலைவராக இருந்தவர். எட்வின் காட்கின் பத்திரிகை ஆசிரியர். மூன்றாமவர் ஜோசையா குவின்சி. கட்டுக் கட்டாக மாணவர்களின் எழுத்தைப் படித்துப் பார்த்துவிட்டு அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: குற்றம் கல்லூரியுடையது இல்லை, கல்லூரிக்கு அனுப்பிவைக்கும் பள்ளிக்கூடங்களுடையது.

இந்தப் பல்லவி நமக்கும் பழக்கமானதுதான். கம்பெனிக்காரர் பல்கலைக்கழகத்தைக் குறை சொல்வார். பல்கலைக்கழகம் இடைநிலைப்பள்ளியைக் கைகாட்டும். இடைநிலைப்பள்ளி ஆரம்பப்பள்ளியைச் சொல்லும். ஆரம்பப்பள்ளி ஆசிரியர், "வீட்ல யாரும் புத்தகத்தையே தொடுறது இல்லையே" என்று பெற்றோரைப் பார்ப்பார். பழி இப்படி ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிக்கொண்டே போகும். யாராவது ஒருவர் "சரி, இது என் வகுப்பு வேலை" என்று சொல்லும்வரை அது நிற்காது.

அப்படிச் சொன்னவர்களின் வரலாறு ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு 'ரைட்டிங் அக்ராஸ் த கரிக்குலம்' என்று பெயர். தமிழில் 'பாடந்தோறும் எழுத்து' என்று வைத்துக்கொள்ளலாம். வேதியியல், சிவில் இன்ஜினியரிங், வரலாறு என்று எந்தப் பாடமாக இருந்தாலும், அந்தப் பாடத்துக்குள்ளேயே, அந்தப் பாட ஆசிரியரே எழுத்தையும் கற்றுத்தர வேண்டும் என்பதுதான் இதன் சாரம். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் இதற்குப் போராட வேண்டியிருந்தது.

முதலில், எழுத்து எப்படி ஒரு தனிப் பிரச்சினையானது என்று பார்க்கலாம். அமெரிக்காவின் பழைய கல்லூரிகளில் படிப்பு பெரும்பாலும் வாய்வழியாகவே நடந்தது. மாணவன் எழுந்து நின்று பாடம் ஒப்பிப்பான், விவாதம் செய்வான், மேடையில் பேசுவான். எழுத்து அதற்குத் துணை, அவ்வளவுதான். 1869-இல் ஹார்வர்டின் தலைவரான சார்ல்ஸ் எலியட் ஒரு வேதியியல்காரர். அவர் 40 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். விருப்பப் பாடங்கள் பெருகின. ஒவ்வொரு துறையும் தனித் தீவாக வளர்ந்தது. வாய்மொழித் தேர்வு போய் எழுத்துத் தேர்வு வந்தது. இனி எல்லாத் துறையிலும் எழுதியாக வேண்டும், ஆனால் எந்தத் துறையிலும் எழுதச் சொல்லித்தர ஆள் இல்லை என்ற நிலைமை உருவானது.

ஹார்வர்ட் இதற்கு இரண்டு தீர்வுகளைக் கண்டுபிடித்தது. ஒன்று, வாசலிலேயே அளந்து பார்ப்பது. 1874-இல் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரை எழுத வைத்தார்கள். இன்னொன்று, உள்ளே வந்தபின் ஒரே ஒரு வகுப்பில் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவது. பத்திரிகையில் இருந்து வந்த ஆடம்ஸ் ஷெர்மன் ஹில் என்பவரின் பொறுப்பில் 'இங்கிலிஷ் ஏ' என்ற முதலாண்டு வகுப்பு உருவானது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஹார்வர்டில் எல்லோருக்கும் கட்டாயமாக மிஞ்சியிருந்த பாடம் அது ஒன்றுதான். மற்ற கல்லூரிகளும் அதே அச்சில் வகுப்பு நடத்தத் தொடங்கின.

இந்த ஏற்பாட்டின் விளைவு இன்றுவரை தொடர்கிறது. எழுத்து என்பது ஒரு வருஷ வேலை, ஒரு துறையின் வேலை என்று ஆகிவிட்டது. இயற்பியல் பேராசிரியர், "நான் இயற்பியல் நடத்த வந்தவன், இலக்கணம் திருத்த வந்தவன் இல்லை" என்று நிம்மதியாகச் சொல்லலாம். மைக் ரோஸ் என்ற கல்வியாளர் 1985-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த மனநிலைக்குப் பெயர் வைத்தார். 'தற்காலிகம் என்ற கட்டுக்கதை' என்று அதைத் தமிழில் சொல்லலாம். இப்போது வந்திருக்கும் மாணவர்கள்தான் பலவீனம், இவர்களை ஒருமுறை சரிசெய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று ஒவ்வொரு தலைமுறையும் நம்புகிறது. நூறு வருஷத்துக்கு மேலாகத் தீராத ஒன்றைத் தற்காலிகம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இதில் இன்னொரு தவறான எண்ணமும் ஒளிந்திருக்கிறது. எழுத்து என்பது எல்லா இடத்திலும் ஒரே மாதிரியான திறன், ஒருமுறை கற்றால் போதும் என்ற எண்ணம். அறிவியல் கட்டுரையையே எடுத்துக்கொள்வோம். 'கரைசல் சூடாக்கப்பட்டது', 'அளவு குறிக்கப்பட்டது' என்று ஆளே இல்லாமல் எழுதுவதுதான் அறிவியல் மொழி என்று நமக்குச் சொல்லித்தந்தார்கள். ஆனால் 1665-இல் லண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் தொடங்கிய ஆய்விதழில் ஆரம்பகாலச் சோதனைகள் பல கடிதங்களாகத்தான் வந்தன. ஒளியும் நிறமும் பற்றி நியூட்டன் 1672-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை ஓல்டன்பர்க்குக்கு எழுதிய கடிதமே. கண்ணாடிப் பட்டகம் வாங்கியது, அறையை இருட்டாக்கியது, வியந்தது என்று 'நான்' போட்டுக் கதை மாதிரி போகிறது. சார்ல்ஸ் பாசர்மன் 1988-இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்த மாற்றத்தைத்தான் படிப்படியாகக் காட்டுகிறது. சோதனை அறிக்கையின் வடிவம் ஒரு சமூகம் தன் சண்டைகளுக்கும் சந்தேகங்களுக்கும் இடையே மெல்ல உருவாக்கிக்கொண்டது. அந்தச் சமூகத்துக்கு உள்ளே இருப்பவர்தான் அதைச் சொல்லித்தர முடியும். ஏன் இந்த எண்ணுக்குப் பக்கத்தில் பிழை அளவு எழுத வேண்டும், ஏன் இந்த வரைபடத்தை முடிவுக்கு முன்னால் வைக்க வேண்டும் என்று மொழித்துறை ஆசிரியரிடம் கேட்டால் பாவம், அவர் என்ன செய்வார்?

1960களின் கடைசியில் கதை வேறு பக்கம் திரும்பியது. நியூயார்க் நகரக் கல்லூரிகளில் கட்டணம் கிடையாது, ஆனால் இடம் கிடைப்பது கடினம். 1969-இல் கறுப்பின, புவெர்ட்டோ ரிக்கோ மாணவர்கள் சிட்டி காலேஜ் வளாகத்தின் ஒரு பகுதியைக் கைப்பற்றிப் போராடினார்கள். 1970-இல் உயர்நிலைப்பள்ளியை முடித்த எவருக்கும் நகரப் பல்கலைக்கழகத்தில் இடம் உண்டு என்று கதவு திறந்தது. அதுவரை கல்லூரி வாசலைப் பார்க்காத குடும்பங்களின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் உள்ளே வந்தார்கள்.

அங்கே எழுத்து வகுப்புகளைப் பொறுப்பேற்று நடத்தியவர் மினா ஷானஸி. இந்த மாணவர்கள் எழுதிய சுமார் 4000 கட்டுரைகளை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்தார். மற்றவர்கள் சிவப்பு மையோடு பார்த்ததை அவர் ஓர் ஆராய்ச்சியாளரின் கண்ணோடு பார்த்தார். பிழைகள் கன்னாபின்னாவென்று வரவில்லை, அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பது அவர் கண்டது. மாணவன் ஏதோ ஒரு விதியைத் தானே யூகித்து, அதை விடாமல் பின்பற்றித்தான் தப்பு செய்கிறான். அந்த யூகத்தைப் புரிந்துகொண்டால் திருத்த வழி கிடைக்கும். 1977-இல் வந்த அவருடைய நூல் இதைத்தான் விரிவாகச் சொன்னது. அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். அதற்கு முன்பே, 1976-இல், நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி அந்தப் பல்கலைக்கழகம் முதல்முறையாகக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கிவிட்டது. திறந்த கதவு பாதி சாத்தப்பட்டது.

1975 டிசம்பரில் 'நியூஸ்வீக்' இதழ், ஜானிக்கு ஏன் எழுத வரவில்லை என்று கேட்டு அட்டைப்படக் கட்டுரை போட்டது. நாடு முழுக்க ஒரே கூச்சல். 1870களில் எழுந்த அதே கூச்சல்தான். இரண்டு முறையும் பல்கலைக்கழகம் மாறிக்கொண்டிருந்தது, புதிய ஆட்கள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 'இவர்களுக்கு எழுதத் தெரியவில்லை' என்ற வாக்கியத்துக்குள் 'இவர்கள் எப்படி உள்ளே வந்தார்கள்' என்ற கேள்வி பெரும்பாலும் மறைந்திருக்கும்.

இதே காலத்தில் லண்டனில் ஜேம்ஸ் பிரிட்டன், நான்சி மார்ட்டின் முதலானோர் ஓர் ஆய்வு செய்தார்கள். 11 முதல் 18 வயது மாணவர்கள் எல்லாப் பாடத்திலும் எழுதியவற்றில் சுமார் 2000 பிரதிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 1975-இல் முடிவுகள் நூலாக வந்தன. மாணவர்கள் எழுதியதில் பாதிக்கு மேல் தகவலைத் திருப்பிச் சொல்லும் எழுத்து. வாசகர் யார்? பெரும்பாலும் மதிப்பெண் போடும் ஆசிரியர். தனக்குத்தானே பேசிக்கொள்வது போல, யோசித்துப் பார்க்கும், தயங்கும், பேச்சுக்கு நெருக்கமான எழுத்து மிகமிகக் குறைவு. ஆனால் புது விஷயம் ஒன்றைப் புரிந்துகொள்ள மனிதர்கள் அந்த மொழியைத்தான் முதலில் பயன்படுத்துகிறார்கள் என்பது பிரிட்டனின் வாதம். அதைத் தாண்டித்தான் முறையான எழுத்துக்குப் போக முடியும். நாம் முதல் படியை எடுத்துவிட்டு இரண்டாம் படியில் ஏறச் சொல்கிறோம்.

அமெரிக்கக் கல்லூரிகளில் முதல் முயற்சி தற்செயலாக நடந்தது. அயோவா மாநிலத்தின் பெல்லா என்ற சிறிய ஊரில் இருக்கிறது சென்ட்ரல் காலேஜ். 1969-70-இல் அங்கே சாசர் பற்றிய ஒரு வகுப்பில் போதுமான மாணவர்கள் சேரவில்லை. கிடைத்த நேரத்தில் பார்பரா வால்வூர்ட் மற்ற துறை ஆசிரியர்களைக் கூட்டினார். செவ்வாய்க்கிழமை மதியங்களில் உட்கார்ந்து மாணவர்களின் கட்டுரைகளைச் சேர்ந்து படித்துப் பேசினார்கள். பாடந்தோறும் எழுத்து இயக்கத்தின் முதல் ஆசிரியர் பட்டறையாக இதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் மிச்சிகன் டெக். சுரங்கப் பள்ளியாக 1885-இல் தொடங்கிய, இன்ஜினியரிங்குக்குப் பேர்போன பல்கலைக்கழகம் அது. 1977 வாக்கில் டோபி ஃபுல்வைலரும் ஆர்ட் யங்கும் அங்கே பட்டறைகள் தொடங்கினார்கள். அவர்கள் ஆசிரியர்களுக்கு லெக்சர் கொடுக்கவில்லை, அவர்களையே எழுத வைத்தார்கள். இயந்திரவியல் பேராசிரியர் ஒரு பக்கம் எழுதி, அதைச் சக ஆசிரியர்களிடம் படித்துக்காட்ட வேண்டும். மாணவனின் கஷ்டம் என்னவென்று அப்போதுதான் உறைக்கும். வகுப்பில் அவர்கள் பரிந்துரைத்தவை சின்னச் சின்ன விஷயங்கள். பாடத்தின் முதல் ஐந்து நிமிஷம், போன வாரம் புரியாமல் போனதை எழுதச் சொல்வது. கணக்கைப் போடுவதற்கு முன், எந்த வழியில் போகப் போகிறோம் என்று இரண்டு வரி எழுதச் சொல்வது. ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வது. இதற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது, பிழை திருத்தமும் கிடையாது. அதே 1977-இல் ஜேனட் எமிக் எழுதிய கட்டுரை, எழுதுவதே ஒரு கற்றல் முறை என்று கோட்பாட்டு ரீதியாக நிறுவியது.

பென்சில்வேனியாவின் பீவர் காலேஜில் எலேன் மைமன் இன்னொரு வழியை எடுத்தார். ஒவ்வொரு துறைக்கும் தன் எழுத்து மரபு உண்டு, அதைத் துறை ஆசிரியர்கள் வெளிப்படையாகச் சொல்லித்தர வேண்டும் என்றார். 'கற்க எழுது', 'துறைக்கு ஏற்ப எழுது' என்ற இந்த இரண்டு கிளைகளும் பிறகு சேர்ந்தே வளர்ந்தன.

எல்லாம் வெற்றிக்கதை இல்லை. 1950களிலேயே பெர்க்லியில் கவிஞர் ஜோசஃபின் மைல்ஸ் இருந்த குழு இதே மாதிரி ஒன்றை முயன்றது. அது நிலைக்கவில்லை. பேராசிரியருக்குப் பதவி உயர்வு தருவது ஆய்வுக் கட்டுரை. 80 லேப் ரிப்போர்ட்டைக் கவனமாகப் படித்துக் கருத்து எழுதுவதால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. நிதி இருக்கும்வரை பட்டறை நடக்கும், நிதி நின்றால் எல்லோரும் தங்கள் தீவுக்குத் திரும்பிவிடுவார்கள்.

சரி, இதெல்லாம் நமக்கு எப்படி வந்து சேர்ந்தது? இன்ஜினியரிங் பட்டங்களை நாடுகள் ஒன்றையொன்று அங்கீகரிக்கும் வாஷிங்டன் ஒப்பந்தம் 1989-இல் உருவானது. சிங்கப்பூர் 2006-இலும் மலேசியா 2009-இலும் அதில் முழு உறுப்பினராயின. நல்ல அறிக்கை எழுதத் தெரிந்திருப்பது அந்த ஒப்பந்தம் பட்டதாரியிடம் எதிர்பார்க்கும் பண்புகளில் ஒன்று. ஆகவே காகிதத்தில் நம்மிடமும் 'பாடந்தோறும் எழுத்து' இருக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் அட்டவணை போட்டு, 'தொடர்பாடல் திறன்' என்ற கட்டத்தில் டிக் அடித்து வைத்திருப்பார்கள். ஆனால் டிக் அடிப்பது அளப்பதற்குத்தான். அளப்பதும் கற்றுத்தருவதும் வேறு வேறு. லேப் ரிப்போர்ட் எப்படி எழுதுவது என்பதை நம்மில் பலருக்குச் சொல்லித்தந்தது சீனியர் விட்டுப்போன பழைய ரிப்போர்ட்தான். வாசலில் அளப்பதற்கு நமக்கும் ஒரு தேர்வு உண்டு. 1999-இல் வந்த மியூவெட்.

நம் பிள்ளைகளின் பாதை இன்னும் சிக்கலானது. ஆறு வருஷம் தமிழ்ப்பள்ளி. பிறகு மலாயில் இடைநிலைப்பள்ளி, சிலருக்கு நடுவில் புகுமுக வகுப்பு. பிறகு ஆங்கிலப் புத்தகங்களோடு பல்கலைக்கழகம். அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் என்று 2003-இல் தொடங்கிய கொள்கை 2012 வாக்கில் திரும்பப் பெறப்பட்டது. இடையில் மாட்டிக்கொண்ட தலைமுறைக்கு ஒரு கலைச்சொல் ஒரு மொழியிலும் அதை விளக்கும் வாக்கியம் இன்னொரு மொழியிலும் இருக்கிறது.

பிரிட்டன் சொன்ன அந்த முதல் படி மொழி, தயங்கி யோசிக்கும் பேச்சு மொழி, நமக்கு எது? மாமாக் கடையில் மூன்று நண்பர்கள் தெர்மோடைனமிக்ஸ் கணக்கை விவாதிக்கும்போது காதில் விழுவது அதுதான். தமிழ் வினைச்சொல், ஆங்கிலக் கலைச்சொல், நடுவில் நாலு மலாய்ச் சொல். அந்தக் கலவையில் அவர்கள் தெளிவாகத்தான் யோசிக்கிறார்கள். ஆனால் அந்த மொழியில் யாரும் அவர்களை எழுதச் சொன்னதே இல்லை. நேராக, முழுமையான ஆங்கிலத்தில், ஆளில்லாத வாக்கியத்தில் முடிவுரையைக் கேட்கிறோம். வராதபோது இவர்களுக்கு எழுதத் தெரியாது என்கிறோம்.

முதல் வரைவை எந்த மொழியிலும் எழுதலாம் என்று ஒரு விரிவுரையாளர் சொல்வதற்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை. வகுப்பில் ஐந்து நிமிஷமும் திருத்தாமல் படிக்கும் மனசும் போதும். ஹார்வர்ட் அறிக்கை வந்து 130 வருஷம் தாண்டிவிட்டது. பழியை இன்னும் ஒரு படி கீழே தள்ளிக்கொண்டிருக்காமல், அதை யார் தன் வகுப்பில் முதலில் நிறுத்தப் போகிறார்கள் என்பதே கேள்வி.